1801ஆம் ஆண்டின் காலாள் வீரன்: ரூ.7,000க்குள் படைக்கோலம் சேர்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

காளையார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த மரபு நடைக்காக, 1801இல் மருது சகோதரர்களின் படையில் நின்றிருக்கக்கூடிய ஒரு சாதாரணக் காலாளின் கோலத்தை மதுரையிலிருந்து சேர்க்கத் தொடங்கினேன். முதல் முயற்சியில் ரூ.11,000 கரைந்தது. அந்தப் பணத்தில் வாங்கிய வெல்வெட் மேலங்கியும், பித்தளை வண்ணம் பூசிய தகர மார்க்கவசமும், கூர் மழுக்கிய எஃகு வாளும் இன்று பரணில் கிடக்கின்றன. உண்மையில் பரணில் இருப்பவை முதல் இரண்டு மட்டுமே. வாள், ஒரு வாகனச் சோதனையில் என்னிடமிருந்து கைமாறிப் போயிற்று. அன்று மாலை நான்கு மணி நேரம் ஒரு காவல் நிலையத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து, ‘இது நடிப்பதற்கு’ என்பதை மூன்று அதிகாரிகளிடம் மூன்று முறை விளக்கினேன். இரண்டாம் முயற்சி ரூ.6,700இல் முடிந்தது. நிகழ்ச்சிக்கு வந்த கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பின் அடித்தோலை மட்டுமே குறை சொன்னார். நீங்கள் அந்த முதல் முயற்சியைத் தாண்டி நேராக இரண்டாவதற்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஆளைத் தீர்மானியுங்கள்

‘பாளையக்காரர் காலத்து வீரன்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் தம்மிடம் இருப்பதைத்தான் தருவார். எந்த ஆண்டு, எந்தப் பாளையம், எந்த நிலை ஆள் என்பதை ஒரு தாளில் ஒரே வரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியது: ‘1801, சிவகங்கைச் சீமை, காலாள், ஈட்டிக்காரன்.’ இந்த ஒரு வரி எனக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்திற்று. ஏனெனில் ஈட்டிக்காரனுக்குக் குதிரை வேண்டாம், பட்டு வேண்டாம், நீண்ட ஈட்டியை இரு கைகளாலும் பிடிக்க வேண்டியிருப்பதால் கேடயமும் வேண்டாம்.

தலைவர்களின் வேடத்தைத் தொடக்கத்திலேயே எடுக்காதீர்கள். செலவு மும்மடங்காகும் என்பது ஒரு காரணம்; நம் மனத்தில் பதிந்திருக்கும் தலைவர்களின் உருவம் பெரும்பாலும் சிலைகளிலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்தது என்பது மற்றொன்று. கும்பினிச் (கிழக்கிந்தியக் கம்பெனிச்) சிப்பாயின் கோலமும் செலவு மிக்கதே. அவனுடைய சிவப்புக் கோட்டுக்குக் கம்பளித் துணி தேவைப்படும். அதை இங்கே நியாயமான விலைக்கு வாங்க முடியவில்லை. பாலியெஸ்டரில் தைத்தாலோ வெயிலில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

2. ஆதாரக் கோப்பு

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும். ஒரு சாதாரணக் கோப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ‘இதை எங்கே கண்டேன்’ என்பதற்கு விடை எழுதுங்கள். விடை கிடைக்காத பொருளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அடிக்கப்படும் ஒவ்வொன்றும் உங்களுக்கு லாபம்.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைக்கு ஒரு நாளை முழுமையாக ஒதுக்குங்கள். அங்குள்ள சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை; சேதுபதியின் படைக்கும் தஞ்சை மராத்தியர் படைக்கும் நடந்த போர்க் காட்சியும் அவற்றில் உண்டு. தலைப்பாகையின் கட்டு, இடைக்கச்சையின் அகலம், வேட்டி முழங்காலுக்கு மேலே நிற்கும் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை 1801க்கு ஏறத்தாழ எழுபது, எண்பது ஆண்டுகள் முந்தியவை என்பதை மறக்கலாகாது. 1800ஐ ஒட்டிய காலத்துக்கு, தஞ்சாவூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காக வரைந்து கொடுத்த ‘கும்பினி ஓவியங்கள்’ உதவும்; லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றில் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றிக் காட்டுகிறது.

ஈட்டியோடு நான் சேர்த்துக்கொண்ட வளரி என்னும் பிறைவடிவ எறிகருவியைப் பற்றி எழுத்துச் சான்றும் உண்டு. 1801 போரில் கும்பினித் தரப்பில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே என்றும், தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்றும் எழுதிவைத்திருக்கிறார். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த, தந்தத்தாலான வளரிகள் சென்னை அரசு அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளை அளப்பது எப்படி என்று திகைக்க வேண்டாம். பேழையின் வெளி அகலத்தை நாடாவால் அளந்துகொண்டு, நேர் எதிரே நின்று படமெடுத்தால், வீட்டில் விகிதம் போட்டு நீளத்தைக் கணிக்கலாம். படமெடுக்க அனுமதியும் கட்டணமும் உண்டா என்பதை நுழைவாயிலிலேயே கேட்டு, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

3. இரும்பை வாங்குமுன் சட்டத்தைப் படியுங்கள்

நான் இதைப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகே படித்தேன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றைப் படைக்கலங்களின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் ஆனவை அதில் சேரா. படைக்கலம் செய்வதற்கும் விற்பதற்கும் உரிமம் தேவை. ஆகவே ‘செய்து தருகிறேன்’ என்று ஒரு கொல்லர் ஒப்புக்கொண்டாலும், அவரையும் சேர்த்தே சிக்கலில் மாட்டுகிறீர்கள்.

இங்கே எல்லோரும் விழும் குழி, ‘கூர் இல்லையே’ என்னும் வாதம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், விளையாட்டுப் பொருளாகவன்றி வேறு எதற்கும் பயன்படாதவற்றையும் உண்மையான ஆயுதமாக மாற்ற முடியாதவற்றையும்தான் விலக்குகிறது. மழுங்கிய எஃகை அரை மணி நேரத்தில் சாணை பிடித்துவிடலாம் என்பதால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. மரத்தாலான அலகுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது குழி அரிவாள். திருப்பாச்சேத்தி நமக்கு அருகில் இருக்கிறது. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள்களும் செய்யப்படுகின்றன. ‘சாமிக்கு என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். கோவிலில் நட்டு வைப்பது வேறு, தோளில் சாய்த்துக்கொண்டு கடைவீதியில் நடப்பது வேறு.

மூன்றாவது குழி, ‘உண்மையான பழைய வாள்’. 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் வெளியிட்ட பிரகடனத்துக்குப் பின் தென்சீமைகளில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன; அந்தக் காலத்து அசல் பொருள்கள் அரிதாக இருப்பதற்கு அது முக்கியக் காரணம். எனவே ‘மருது காலத்தது’ என்று ரூ.5,000க்கு ஒருவர் நீட்டுவது பெரும்பாலும் போலியாக இருக்கும். தப்பித்தவறி அசலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அத்தகைய பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருளாகும், அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். இரண்டு வகையிலும் உங்களுக்கு வேண்டாத பொருள் அது.

4. துணி: பணத்தை இங்கே செலவிடுங்கள்

பார்ப்பவர் கண் முதலில் படுவது துணியில்தான். 1801இல் நம் ஊரில் ஆலை நூல் கிடையாது. கையால் நூற்றுக் கையால் நெய்ததே இருந்தது. அதற்கு இன்று மிக நெருக்கமானது கதர். நூலின் தடிப்பு சீராக இல்லாமல் ஆங்காங்கே முடிச்சிடுவதுதான் அதன் அழகு. காந்தியடிகள் 1921இல் அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டில் இப்போது கதர்க் கடை இருக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதருக்குத் தள்ளுபடி கிடைக்கும். அதற்காக இரண்டு மாதம் காத்திருக்க முடியுமானால் காத்திருங்கள்.

கதர் கட்டுப்படியாகாதவர்கள் விளக்குத்தூண் பகுதித் துணிக்கடைகளில் வெளுக்காத காடாத் துணி கேட்டு வாங்கலாம். வெளியே காட்டித் தயிர் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். குழல்விளக்கின் கீழ் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பார்ப்பதும் நல்லது: பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும், கலப்பு நூல் உருகி மணியாகத் திரளும்.

தேவையான அளவு இது. தார்பாய்ச்சிக் கட்டுவதற்கு எட்டு முழ வேட்டி ஒன்று. நான்கு முழத்தில் கட்ட முயன்று நான் பொது இடத்தில் அவதிப்பட்டேன். தலைப்பாகைக்கு ஐந்து மீட்டர், அகலத்தில் பாதியாகக் கிழித்தது. இடைக்கச்சைக்கு மூன்று மீட்டர். சரிகைக் கரையும் பளிச்சென்ற நிறக்கரையும் வேண்டாம். எல்லாமாக எனக்கு ரூ.2,350 ஆயிற்று.

5. சாயம்

செயற்கைச் சாயங்களின் கதை 1856இல்தான் தொடங்குகிறது. அதனால் கடையில் விற்கும் ஊதா, இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் அக்காலத்துக்கு உரியவை என்றாலும், வீட்டில் செய்வது எளிதன்று. ஒரு வாளியில் முடியக்கூடியது கடுக்காய்க் கருமை. தலைப்பாகைக்கும் கச்சைக்கும் அது போதும்.

துணியை ஓர் இரவு ஊறவைத்து, கஞ்சி போகும்வரை அலசுங்கள். அரைக் கிலோ துணிக்கு 100 கிராம் கடுக்காய்த் தூள் போட்டு, வெதுவெதுப்பான நீரில் மறு இரவு ஊறவிடுங்கள். அலசாமல் பிழிந்து நிழலில் காயவையுங்கள். இப்போது துணி மங்கிய மஞ்சளாக இருக்கும். பிறகு வேறொரு பிளாஸ்டிக் வாளியில் 10 முதல் 15 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பை) கரைத்து, துணியை அமிழ்த்திக் கால் மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். கண்முன்னே சாம்பலாகிக் கறுக்கும். பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சந்தோஷம். ‘இன்னும் கறுக்கட்டும்’ என்று அன்னபேதியை அள்ளிப்போட்டால் இரும்பு நூலை அரித்துவிடும். என் முதல் தலைப்பாகை மூன்றே மாதத்தில் மடிப்புகளில் விரிசல் விட்டது. இரண்டு சரக்கும் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். செலவு ரூ.250.

6. தையல்

ஈட்டிக்காரனின் உடையில் தையல் மிகக் குறைவு. கிழித்த ஓரங்களை மடித்துத் தைத்தால் போதும். வெளியே தெரியும் இடங்களைக் கையால் தையுங்கள், அல்லது ரூ.200 கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டில் தையல் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. பொத்தான், ஜிப், ஒட்டுப்பட்டை எதுவும் கூடாது. ஊக்கும் 1849இல்தான் வந்தது. தலைப்பாகை அவிழுமோ என்று பயந்து அதில் ஊக்குக் குத்துவதைவிட, கட்டப் பழகிக்கொள்வது நல்லது.

மேற்சட்டை தேவைப்படும் வேடமாக இருந்தால், முன்பு புதுமண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கும் தையற்காரர்களிடம் போங்கள். சாமி உடைகளும் அழகர் திருவிழா வேடங்களும் தைத்துப் பழகிய கைகள் அவை. ஆனால் பழக்கம் காரணமாகவே ஜரிகையும் ஜிகினாவும் கேட்காமலே வந்து சேரும்; ‘ஒன்றும் வைக்காதீர்கள் அண்ணே’ என்று இருமுறை சொல்லி, ஓவியத்தின் நகலைக் கையில் கொடுங்கள். மாசி பிறந்ததிலிருந்து சித்திரைத் திருவிழா முடியும்வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வைகாசி, ஆனியில் போனால் பொறுமையாகக் கேட்டுச் செய்வார்கள்.

7. தோல்

இடைவார், தோள்வார், சிறு பை, செருப்பு ஆகியவற்றுக்கு ஒரே தோலை வாங்கிவிடலாம். ஆனால் இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி குரோமியம் ஏற்றிப் பதனிட்டது. அம்முறை நம் பக்கம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நமக்கு வேண்டியது ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோல். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு துண்டின் வெட்டுவாயைப் பாருங்கள்: நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியம், உள்ளும் புறமும் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். ஒரு சொட்டு நீர் வைத்தால் பட்டைத் தோல் உறிஞ்சிக் கறுக்கும். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் இருப்பதால் அங்கே வெட்டுத் துண்டுகளை எடைக்கு வாங்க முடிந்தது.

தைத்துத் தருவதற்கு, சித்திரைத் திருவிழாவில் அழகர்மீது நீர் பீய்ச்சும் ஆட்டுத்தோல் பைகளைத் தைப்பவர்களைத் தேடிப் போங்கள். கைத்தையல் அவர்களுக்குக் கைவந்தது. தோல் வேலைக்கென்று நான் பார்த்தவர்களில் அவர்களே மிகச் சிறந்தவர்கள். பைக்கும் வார்களுக்கும் ரூ.1,300, செருப்புக்கு ரூ.450 கொடுத்தேன். செருப்புக்கு டயர் அடி வைத்துவிடாதபடி உடனிருந்து பாருங்கள். நான் தேநீர் குடிக்கப் போன பத்து நிமிடத்தில் அது நடந்துவிட்டது. அந்த ஆய்வாளர் குறை சொன்னது அதைத்தான்.

8. ஈட்டி, வளரி, துப்பாக்கி

1801இல் கும்பினிப் படையினர் எழுதிய குறிப்புகளில் பாளையப் படைகளின் நீண்ட ஈட்டி திரும்பத் திரும்ப வருகிறது; ஆளைப்போல இருமடங்குக்கு மேற்பட்ட நீளம் அது. நான் பன்னிரண்டு அடியோடு நிறுத்திக்கொண்டேன். சிலம்பக் கம்பு விற்பவர்களிடம் கல்மூங்கில் கேட்டு வாங்குங்கள். ஒரே கம்பாக வாங்கினால் பேருந்தில் ஏற முடியாது. நடுவில் அறுத்து, பித்தளைப் பூண் ஒன்றைச் செருகி இணைக்குமாறு செய்துகொள்ளுங்கள். அலகை வேப்பமரத்தில் செதுக்கச் செய்து, வெள்ளீய நிறம் பூசி, மேலே கரித்தூள் தேய்த்தால் பளபளப்பு அடங்கும். மொத்தம் ரூ.900.

வளரியைப் பலகையிலிருந்து பிறைவடிவில் அறுத்துத் தருவதாகத் தச்சர் சொன்னால் மறுத்துவிடுங்கள். வளைவின் குறுக்கே மர இழை ஓடும் இடத்தில் அது முறியும். என்னுடையது மேசையிலிருந்து விழுந்தே முறிந்தது. இயற்கையாக வளைந்த புளி அல்லது கருவேலக் கிளையைக் கொடுத்து, இழை வளைவோடு போகும்படி செதுக்கச் சொல்லுங்கள். ஒரு முனை கனத்து அகன்றும், பிடிக்கும் முனை மெலிந்தும் இருக்க வேண்டும். கிளை பச்சையாக இருந்தால் இரண்டு மாதம் நிழலில் காயவிட வேண்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன் இதைத் தொடங்குங்கள். கூலி ரூ.450. நிகழ்ச்சியில் அதை வீசாதீர்கள். இடுப்பில் செருகியிருந்தாலே போதும்.

துப்பாக்கி வைத்தே தீர வேண்டுமென்றால், குழல் உட்பட முழுவதும் ஒரே மரமாக இருக்கட்டும். இரும்புக் குழாயைப் பொருத்தி அதில் திரிக்கு ஒரு துளையும் போட்டுவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது நாட்டுத் துப்பாக்கிதான். வெடிமருந்து வேண்டவே வேண்டாம்.

9. கடிதங்கள்

நிகழ்ச்சி அமைப்பாளரிடம் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயர், நிகழ்ச்சி நடக்கும் இடம், நாள், நேரம், நீங்கள் கொண்டுவரும் பொருள்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். பட்டியலில் ‘வாள், ஈட்டி’ என்று எழுதாமல், ‘வேப்பமரத்தால் செய்த ஈட்டி மாதிரி, 12 அடி, உலோக அலகு இல்லை’ என்று எழுதச் செய்யுங்கள், படங்களையும் இணையுங்கள். நிகழ்ச்சி நடக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் குறைந்தது பதினைந்து நாள்களுக்கு முன் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். ஊர்வலமாக நடப்பதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி தேவை. மதுரை மாநகருக்குள் அது காவல் ஆணையர் அலுவலகத்தின் பொறுப்பு.

நினைவுச் சின்னத்தில் நடப்பதாக இருந்தால், அது யாருடையது என்பதை முதலில் அறியுங்கள். திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் உள்ளது. கீழக்குயில்குடி சமணர் மலை மத்தியத் தொல்லியல் துறையுடையது. ஒன்றின் அலுவலகத்தில் மற்றொன்றுக்கான மனுவைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தவர்களை நான் அறிவேன். இதற்கு ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள்.

கடிதத்தின் நகல், அடையாள அட்டை, தச்சரிடம் வாங்கிய ரசீது ஆகிய மூன்றும் ஈட்டி கட்டிய அதே மூட்டைக்குள் இருக்கட்டும். கைப்பேசியில் படமாக வைத்திருப்பது, சோதனை நேரத்தில் மின்னேற்றம் தீர்ந்துபோகும் பொருட்டே இருக்கிறது என்பது என் அனுபவம்.

10. நாள் கணக்கும் மீதிச் செலவும்

வளரிக்குக் கிளை காயும் இரண்டு மாதத்தோடு சேர்த்து, மொத்தம் நான்கு மாதம் வையுங்கள். முதல் மாதம் கோப்பும் கிளையும். இரண்டாம் மாதம் துணியும் சாயமும். மூன்றாம் மாதம் தோலும் மரவேலையும். நான்காவது மாதம் கடிதங்களுக்கும் ஒத்திகைக்கும். நவம்பர் 19 முதல் 25 வரை வரும் உலக மரபு வாரத்தில் நிகழ்ச்சிகள் கூடுதலாக இருக்கும். அதற்கு ஆடி மாதத்தில் தொடங்குவது சரியாக இருக்கும், ஆனால் கதர்த் தள்ளுபடிக்காகத் துணியை மட்டும் அக்டோபருக்குத் தள்ளிவைக்க வேண்டிவரும். மேலே சொன்னவற்றோடு பித்தளைக் கடுக்கனுக்கும் காப்புக்கும் ரூ.300, பேருந்துக்கும் நகல்களுக்கும் ரூ.500 சேர்த்தால் ரூ.6,700 ஆகும்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு முழுக் கோலத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அதிகாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நான் நடந்தபோது, தார்பாய்ச்சிய முடிச்சு இருமுறை நெகிழ்ந்தது, இடைவார் விலாவை உராய்ந்தது, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் எந்தக் கோவில் திருவிழா என்று விசாரித்தார். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, மோதிரம் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாதவர்கள் அணிந்தே நடக்கட்டும். பள்ளத்தில் விழும் வீரனைவிடக் கண்ணாடி போட்ட வீரன் மேல்.

முடிந்தபின் தோலுக்கு நல்லெண்ணெய் தடவி, துணிப்பையில் வேப்பிலையோடு கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஐப்பசி மழைக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.